பார்க் ஃபெர்மே: சொல்லை அறிந்து ஃபார்முலா 1 பந்தயத்தைப் பின்தொடர்வது எப்படி

ஃபார்முலா 1 பந்தயங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் 'பார்க் ஃபெர்மே' என்ற பிரெஞ்சுத் தொடரை ஒரே வார இறுதியில் இரண்டு வெவ்வேறு சூழல்களில் கேட்பார்கள். பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முடிவுசெய்யும் சனிக்கிழமை தகுதிச் சுற்று முடிந்தபின், தத்தம் அணியின் கராஜுக்குள்ளேயே நிற்கும் கார்களைப் பற்றி, அவை பார்க் ஃபெர்மேயில் இருப்பதாக வர்ணனையாளர் சொல்வார். மறுநாள் பந்தயம் முடிந்தபின், வென்றவர் 1 என்று எழுதிய பலகைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்கும் இடத்தையும் அவர் அதே பெயரால் குறிப்பிடுவார். முதலாவது, காரில் விருப்பம்போல் மாற்றம் செய்யக் கூடாத ஒரு கட்டுப்பாட்டு நிலை. இரண்டாவது கண்ணுக்குத் தெரியும் ஒரு வளாகம். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால், முன்னணி ஓட்டுநர் ஒருவர் எதற்காகப் பிட் லேனிலிருந்து, அதாவது கராஜுகளுக்கு முன்னால் உள்ள பக்கப் பாதையிலிருந்து, புறப்படுகிறார், நன்றாக ஓடி முடித்த கார் எப்படி மாலைக்குள் தகுதி நீக்கம் பெறுகிறது என்பன போன்றவை குழப்பமின்றி விளங்கும். தொடக்கநிலை ரசிகர்கள் டயர் வகைகளையும் கொடி நிறங்களையும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், அவற்றுக்கு முன்பாகவே பார்க் ஃபெர்மே விதியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். 'பார்க்' என்பதன் இறுதியில் ககர ஒலி தெளிவாக ஒலிக்க வேண்டும். இரண்டாவது சொல்லை 'ஃபெர்ம்' என்று முடிக்காமல் 'ஃபெர்மே' என்று நீட்ட வேண்டும், ஏனெனில் அதன் கடைசி எழுத்தின் மேல் இடப்படும் சாய்கோடு அந்த ஏகார ஒலியைக் காட்டுவதற்கென்றே வருகிறது. பிரெஞ்சில் பெயரடை பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் என்பதால், முதற்சொல் இடத்தையும் இரண்டாவது சொல் அதன் தன்மையையும் சொல்கின்றன. 'ஃபெர்மே' என்றால் மூடப்பட்டது. 'உறுதியாக்கு' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சில் 'மூடு' என்ற பொருளை அடைந்த வினைச்சொல்லின் எச்சவடிவம் அது. 'பார்க்' என்றதும் நமக்கு மரங்களும் ஊஞ்சல்களும் உள்ள பூங்கா நினைவுக்கு வந்தாலும், பிரெஞ்சில் அச்சொல்லின் பழைய பொருள் வேலியிட்டு அடைத்த நிலம் என்பதாகும். ஆடுகளை அடைக்கும் இடத்தையும், படையினர் பீரங்கிகளை ஒருங்கே நிறுத்திவைக்கும் இடத்தையும் பிரெஞ்சுக்காரர்கள் இச்சொல்லால்தான் குறித்தனர். ஆகவே பார்க் ஃபெர்மேக்கு நெருங்கிய உருவத்தைத் தமிழில் தேடினால், பூங்காவைவிட ஆட்டுப்பட்டியே பொருத்தமாக இருக்கும்: உள்ளே விட்டுப் படலைச் சாத்தியபின், காவலரின் அனுமதியின்றி எதுவும் உள்ளே போகவோ வெளியே வரவோ இயலாது.

கார்ப் பந்தயத்தின் சொற்களஞ்சியத்தில் பிரெஞ்சு இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காரணம், அந்த விளையாட்டின் முதல் விதிகள் பாரிஸில் எழுதப்பட்டதே. பிரான்சின் ஆட்டோமொபைல் கிளப் 1895-இல் உருவானது. நகரத்திலிருந்து நகரத்துக்கு ஓடிய தொடக்ககாலப் பந்தயங்களை நடத்தியதும், 1906-இல் முதல் கிராண்ட் பிரிக்ஸை நடத்தியதும் அந்தக் கிளப்தான். பல நாடுகளின் மோட்டார் கிளப்புகள் சேர்ந்து 1904-இல் பாரிஸில் அமைத்த கூட்டமைப்பே, இரண்டாம் உலகப் போருக்குப் பின், இன்று ஃபார்முலா 1 விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ. என்ற பெயரைப் பெற்றது. கிராண்ட் பிரிக்ஸ், சிக்கேன், சேஸிஸ், கராஜ் ஆகியவையும் அந்த வழியில் வந்த சொற்களே. அவற்றில் பல உலகெங்கும் அன்றாடப் பேச்சில் கரைந்துவிட்டன. பார்க் ஃபெர்மே மட்டும் விதிநூலின் சொல்லாகவே நின்றுவிட்டது.

அந்த விதியின் நோக்கத்தை அறிய, 1906-ஆம் ஆண்டின் அந்த முதல் கிராண்ட் பிரிக்ஸைப் பார்ப்பதே சிறந்த வழி. லெ மான் நகருக்கு அருகே, ஒரு சுற்றுக்கு 103 கிலோமீட்டருக்கும் சற்று அதிக நீளமுடைய பொதுச் சாலைகளில், ஜூன் 26, 27 ஆகிய இரண்டு நாள்களில் நாளொன்றுக்கு ஆறு சுற்றுகளாக அப்பந்தயம் நடந்தது. முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் கார்கள் நேராக மூடிய வளாகத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டு, இரவு முழுவதும் விளக்கொளியில் காவலுடன் வைக்கப்பட்டன. யாரும் அவற்றைத் தொட்டுச் சரிசெய்ய முடியவில்லை. மறுநாள் காலையில்கூட, பந்தயக் கடிகாரம் ஓடத் தொடங்கும்வரை இயந்திரத்தை இயக்க அனுமதி இல்லாததால், ஒரு குதிரைதான் ஒவ்வொரு காரையும் வளாகத்திலிருந்து புறப்படும் கோட்டுக்கு இழுத்துவந்தது. முதல் நாள் முன்னிலையில் இருந்த ரெனோ ஓட்டுநர் ஃபெரென்ஸ் சிஸ், தமக்குரிய நேரம் வந்ததும் பாதையில் பாய்ந்து செல்லவில்லை. முதலில் தம் மெக்கானிக்குடன் டயர்களை மாற்றி, எரிபொருளை நிரப்பி, அதற்கான நிமிடங்களைத் தம் பந்தய நேரத்திலிருந்தே செலவிட்டு, அதன் பிறகே ஓட்டத்தைத் தொடர்ந்தார். ஒரு டயரைக் கழற்றி மாட்டுவதற்கே நெடுநேரம் ஆன அக்காலத்தில், மிஷெலின் நிறுவனத்தின் கழற்றக்கூடிய விளிம்புகள் அவருடைய காரில் இருந்தது பேருதவியாக அமைந்தது. இறுதியில் பந்தயத்தை வென்றவரும் அவரே.

இந்தக் காட்சியில்தான் பார்க் ஃபெர்மேயின் முழுத் தத்துவமும் இருக்கிறது. காரில் வேலை செய்வதை அவ்விதி ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யவில்லை. எந்த வேலைக்கும் ஒரு விலை உண்டு என்று நிர்ணயித்தது. அன்று அந்த விலை பந்தய நிமிடங்களாக இருந்தது. இன்று அது புறப்படும் இடமாக இருக்கிறது. அணி தன் பணபலத்தாலும் ஆள்பலத்தாலும் இரவோடு இரவாகக் காரை வேறொரு காராக மாற்றிவிடக் கூடாது என்பதே இரண்டிலும் உள்ள எண்ணம்.

நவீன ஃபார்முலா 1-இல் இக்கட்டுப்பாடு இன்றைய வடிவத்தைப் பெற்றது 2003-இல். அதற்கு முன், பெரிய அணிகள் தகுதிச் சுற்றில் அதிவேகமாக ஓடுவதற்கென்றே தனியாக ஆயத்தம் செய்த காரை, சனிக்கிழமை இரவில் பிரித்து, இயந்திரத்தை மாற்றி, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு மறுபடி கட்டின. அப்படிக் கட்டியதைச் சரிபார்க்க ஞாயிறு காலையில் ஒரு வார்ம்-அப் ஓட்டமும் இருந்தது. செலவு கட்டுக்கடங்காமல் போன நிலையில், தகுதிச் சுற்றில் ஓடிய நிலையிலேயே கார் பந்தயத்திலும் ஓட வேண்டும் என்று எஃப்.ஐ.ஏ. விதித்தது. ஞாயிறு காலை வார்ம்-அப்பும் அத்துடன் மறைந்தது.

இனி வழக்கமான ஒரு வார இறுதியை இவ்விதியின் கண்ணோட்டத்தில் எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருவோம். வெள்ளிக்கிழமை இரண்டும் சனிக்கிழமை ஒன்றுமாக நடக்கும் பயிற்சி ஓட்டங்களில் கார் திறந்த நிலையில் இருக்கிறது. சஸ்பென்ஷனின் விறைப்பு, காரின் தரை உயரம், காரைத் தரையோடு அழுத்தும் பின்னிறகின் வகை என எதை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். எனவே மூன்றாம் பயிற்சி ஓட்டத்தின் கடைசி நிமிடங்களையும், அதற்கும் தகுதிச் சுற்றுக்கும் இடையிலான இடைவெளியையும் கூர்ந்து கவனியுங்கள். அணி தன் முடிவுகளை எடுத்தாக வேண்டிய கடைசி வாய்ப்பு அதுதான். தகுதிச் சுற்றில் ஒரு கார் முதன்முறையாகப் பிட் லேனை விட்டு வெளியே வரும் நொடியில் அந்தக் காருக்கு மட்டும் கதவு மூடுகிறது. பந்தயம் தொடங்கும்வரை அது திறக்காது. அந்த நொடியைத் திரையில் யாரும் அறிவிப்பதில்லை என்பதால், அதை நீங்களாகவே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

தகுதிச் சுற்று முடிந்தபின் கார்கள் அணியின் கராஜுக்கே திரும்பினாலும், அங்கே எஃப்.ஐ.ஏ. அலுவலர்களின் கண்காணிப்பு தொடர்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் வேலைகளை முடித்துக் காரை உறையால் மூட வேண்டும். அந்த உறைக்கு முத்திரை இடப்பட்டு, மறுநாள் பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் அது அகற்றப்படும். இதைப் பணியாளர்களுக்கான இரவு நேரக் கட்டுப்பாட்டுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பணியாளர்கள் எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை பந்தய மைதானத்தில் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லும் அந்த விதி மனிதர்களைப் பற்றியது. பார்க் ஃபெர்மே காரைப் பற்றியது.

கதவு மூடியபின் எதையெல்லாம் செய்யலாம் என்பதை அறிந்திருப்பது பந்தயத்தை முன்கூட்டியே ஊகிக்க உதவும். இயந்திரத்தை இயக்கிப் பார்க்கலாம். சக்கரங்களைக் கழற்றி மாற்றலாம். டயர் காற்றழுத்தத்தைச் சரிசெய்யலாம். பிரேக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றலாம். ஓட்டுநரின் வசதிக்கான சிறு மாற்றங்களைச் செய்யலாம். முன்னிறகின் சாய்வை மாற்றலாம் என்பதுதான் இவற்றுள் மிக முக்கியமான சலுகை, ஏனெனில் காரின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையிலான பிடிமானச் சமநிலையைத் திருத்த அணியின் கையில் எஞ்சியிருக்கும் பெரிய கருவி அதுவே. வானிலை மாறிவிட்டதாக அலுவலர்கள் அறிவித்தால், காற்று செல்லும் குளிரூட்டும் துளைகளில் சில மாற்றங்களுக்கு இடமுண்டு. ஆனால் சஸ்பென்ஷன் ஆயத்தத்தை, அதாவது அதன் அமைப்பை, தொட முடியாது. இறகை வேறு வகைக்கு மாற்ற முடியாது. தகுதிச் சுற்று ஈரத்திலும் பந்தயம் காய்ந்த பாதையிலும் நடக்கக்கூடும் என்று வானிலை முன்னறிவிப்பு சொல்லும் வாரங்களில், எந்த அணி எதை நம்பிக் காரை ஆயத்தம் செய்தது என்பதைச் சனிக்கிழமையே ஓரளவு கண்டுகொள்ளலாம்: ஈரத்தில் திணறி, நேர்ப்பாதையில் மட்டும் மின்னல் வேகம் காட்டிய கார், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்து அமைக்கப்பட்டதாக இருக்கும்.

விபத்துச் சேதம் தனி வகை. தகுதிச் சுற்றில் கார் மோதி உடைந்தால், எஃப்.ஐ.ஏ.வின் தொழில்நுட்பப் பிரதிநிதியிடம் அனுமதி பெற்று, எடையிலும் செயல்பாட்டிலும் ஒத்த பாகத்தைப் பொருத்தலாம். அதற்குத் தண்டனை கிடையாது. 2020 ஹங்கேரியப் பந்தயத்தில், புறப்படும் கோட்டுக்கு வந்துகொண்டிருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஈரமான பாதையில் தடுப்பில் மோதி முன்பக்க சஸ்பென்ஷனை உடைத்துக்கொண்டார். ரெட் புல் மெக்கானிக்குகள், கார்கள் புறப்பட வரிசையாக நிற்கும் கட்டத்தில் வைத்தே அதே மாதிரியான பாகங்களை மாற்றிப் பொருத்தினர். ஏழாம் இடத்திலிருந்து புறப்பட்ட அவர் இரண்டாவதாக வந்தார். அந்த உழைப்பு என்னை இன்றும் வியக்கவைக்கிறது. மறுபக்கம், 2021 மொனாக்கோவில் முதலிடத்துக்கான நேரத்தைப் பதித்தபின் மோதிய சார்ல் லெக்லேரின் ஃபெராரியை அணி பரிசோதித்து, கியர்பாக்ஸை மாற்றத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. மாற்றியிருந்தால் முதலிடம் பறிபோயிருக்கும். ஆனால் பந்தயத்துக்கு முன் புறப்படும் கட்டத்துக்கு ஓட்டிவந்தபோது, மோதாத இடதுபக்கச் சக்கரத்துக்கு இயந்திர ஆற்றலைக் கொண்டுசெல்லும் பகுதி பழுதடைந்து, அவர் புறப்படவே முடியாமல் போனது. பழுதுபார்ப்பதற்கான அனுமதி இருந்தாலும், எதைப் பழுது என்று கருதுவது, எதற்காக இடத்தை இழப்பது என்ற தீர்ப்பு எவ்வளவு கடினமானது என்பதற்கு இவ்விரண்டு பந்தயங்களும் போதுமான சான்று.

அனுமதியின்றி ஆயத்தத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதே பார்வையாளருக்கு மிகவும் பயன்படும் பகுதி. அந்தக் கார் தன் தகுதி இடத்தை இழந்து பிட் லேனிலிருந்து புறப்பட வேண்டும். மற்ற கார்கள் அனைத்தும் கடந்துபோன பிறகே அதற்குப் பச்சை விளக்கு எரியும். இதைத் தண்டனை என்று மட்டும் எண்ணுவது போதாது. ஏற்கெனவே கடைசி வரிசைகளில் சிக்கிக்கொண்ட வேகமான காருக்கு, இழப்பதற்கு அதிகம் எதுவும் இல்லாததால், இது விலைகொடுத்து வாங்கும் விடுதலையாகிறது. 2012 அபுதாபியில், தகுதிச் சுற்றுக்குப் பின் போதிய எரிபொருள் மாதிரி தர இயலாததால் செபாஸ்டியன் வெட்டல் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார்; அவருடைய அணியான ரெட் புல் உடனே காரைப் பார்க் ஃபெர்மேயிலிருந்து எடுத்து, முந்திச் செல்வதற்கு ஏற்றவாறு கியர் விகிதங்களையும் ஆயத்தத்தையும் மாற்றி, பிட் லேனிலிருந்து அனுப்பியது. அவர் மூன்றாவதாக முடித்தார். 2025 பிரேசில் பந்தயத்தில், தகுதிச் சுற்றின் முதல் பகுதியிலேயே வெளியேறிய வெர்ஸ்டாப்பனுக்கு அதே அணி அதே வழியைக் கையாண்டது. பிட் லேனிலிருந்து புறப்பட்ட அவரும் மூன்றாவதாகவே வந்தார். ஆகவே, முன்னணிக் கார் ஒன்று தகுதிச் சுற்றில் பதினைந்தாம் இடத்துக்குப் பின்னால் விழுந்தால், ஞாயிறு காலையில் முதலில் தேட வேண்டிய செய்தி, அணி அதைப் பார்க் ஃபெர்மேயிலிருந்து எடுத்துவிட்டதா என்பதே. பந்தயத்துக்கு முன்பு எஃப்.ஐ.ஏ. வெளியிடும் ஆவணங்களில், பார்க் ஃபெர்மேயின்போது ஒவ்வொரு காரிலும் மாற்றப்பட்ட பாகங்களின் பட்டியல் இருக்கும். அனுமதியுடன் மாற்றியவை அதில் வரிசையாக இடம்பெறும்; அனுமதிக்கு அப்பாற்பட்ட மாற்றம் இருந்தால், அந்த விஷயம் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகளின் தனி முடிவாக வரும்.

ஸ்பிரிண்ட் என்னும் குறும்பந்தயமும் நடைபெறும் வார இறுதிகளில் இந்தக் கதவின் கால அட்டவணை மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். அவ்வாரங்களில் பயிற்சி ஓட்டம் ஒன்றே ஒன்றுதான். 2023-இல், அந்த ஒரே பயிற்சிக்குப் பின் வெள்ளிக்கிழமையே மூடிய கதவு ஞாயிறு பந்தயம்வரை திறக்கவில்லை. அதன் விளைவை 2023 அமெரிக்கப் பந்தயம் ஆஸ்டின் நகரில் வெளிப்படையாகக் காட்டியது. மேடுபள்ளம் மிகுந்த அந்தப் பாதையில் லூயிஸ் ஹாமில்டன் இரண்டாவதாகவும் லெக்லேர் ஆறாவதாகவும் முடித்தபோதிலும், காரின் அடியிலுள்ள பலகை அனுமதித்த அளவுக்கு மேல் தேய்ந்திருந்ததால் இருவரும் தகுதி நீக்கம் பெற்றனர். தரை உயரத்தைத் தவறாகக் கணித்த அணிக்கு அதைத் திருத்த வாய்ப்பே இல்லாமல் போயிருந்தது. அதே பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டினும் ஹாஸும் தங்கள் இரண்டிரண்டு கார்களையும் பார்க் ஃபெர்மேயிலிருந்து எடுத்து, ஆயத்தத்தை மாற்றி, பிட் லேனிலிருந்து புறப்படச் செய்தன. 2024 முதல், சனிக்கிழமை ஸ்பிரிண்ட் முடிந்ததும் கதவு ஒருமுறை திறந்து, பிரதானப் பந்தயத்துக்கான தகுதிச் சுற்றில் மீண்டும் மூடுகிறது. மிகவும் நியாயமான திருத்தம் இது. ஒரு மணி நேரப் பயிற்சியில் செய்த கணிப்புக்காக மூன்று நாளும் துன்பப்படுவதில் விளையாட்டுக்கு எந்த நன்மையும் இல்லை.

பந்தயம் தொடங்கிவிட்டால் இந்தக் கட்டுப்பாடு விலகிவிடுகிறது. அதனால்தான் நடுவில் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயம் நிறுத்தப்படும்போது, பிட் லேனில் நிற்கும் கார்களின் டயர்களை மாற்றவும் சேதங்களைச் சரிசெய்யவும் முடிகிறது. 2011 மொனாக்கோவில் தேய்ந்த டயர்களுடன் போராடிக்கொண்டிருந்த வெட்டல், சிவப்புக் கொடி நேரத்தில் புதிய டயர்களைப் பெற்று வென்றதும் இவ்வாறே.

கடைசியாக, பந்தயத்துக்குப் பின் வரும் பார்க் ஃபெர்மே. இது சொல்லின் பழைய பொருளிலேயே அமைந்த, வேலியிட்ட உண்மையான இடம். விதிநூலின்படி, இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர்கள் மட்டுமே இங்கே நுழையலாம். அவர்களின் அனுமதியின்றிப் பரிசோதனையோ பழுதுபார்ப்போ கூடாது. ஓட்டுநர்கள் எடை பார்க்கப்படுகிறார்கள். கார்கள் எடை போடப்படுகின்றன. சில கார்களிலிருந்து எரிபொருள் மாதிரி எடுக்கப்படுகிறது. இங்கே கிடைக்கும் முடிவு மேடையில் கிடைத்த கோப்பையைவிட வலியது. 2021 ஹங்கேரியில் இரண்டாவதாக முடித்த வெட்டலின் காரிலிருந்து ஒரு லிட்டருக்குப் பதிலாக 0.3 லிட்டர் மாதிரியே கிடைத்ததால் அவர் தகுதி நீக்கம் பெற்றார். 2024 பெல்ஜியத்தில் முதலாவதாக வந்த ஜார்ஜ் ரஸ்ஸலின் கார் 1.5 கிலோகிராம் எடை குறைந்திருந்ததால் வெற்றியை இழந்தது. வெற்றிக்கோட்டைத் தாண்டியபின் ஓட்டுநர்கள் பாதையின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் ரப்பர் துணுக்குகளின் மேல் வேண்டுமென்றே ஓட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். டயர்களில் அவை ஒட்டிக்கொண்டால் சிறிது எடை கூடும் என்பதே அதன் காரணம். பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் முழுச் சுற்று வராமல் கார்கள் குறுக்கே திரும்பிவிடுவதால், ரஸ்ஸலுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.

காரைத் தொடக் கூடாது என்பது போட்டியாளருக்கும் பொருந்தும். 2021 பிரேசிலில் தகுதிச் சுற்று முடிந்தபின், வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனின் காருக்கு அருகே சென்று அதன் பின்னிறகைக் கையால் தொட்டுப் பார்த்தார்; பார்வையாளர் ஒருவர் எடுத்த காணொளியின் துணையுடன் ஸ்டூவர்டுகள் விசாரித்து அவருக்கு 50,000 யூரோ அபராதம் விதித்தனர். அந்த இறகின் திறப்பு இடைவெளி 85 மில்லிமீட்டர் வரம்பைச் சிறிதளவு மீறியிருந்ததால் ஹாமில்டனும் அந்தத் தகுதிச் சுற்றிலிருந்து நீக்கப்பட்டார். ஆனாலும் ஞாயிறன்று பத்தாம் இடத்திலிருந்து புறப்பட்டு அவரே பந்தயத்தை வென்றார்.

வேறு வகைப் பந்தயங்களில் இதே தொடரைக் கேட்கும்போது பொருளைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோ ஜிபியில் பந்தயம் முடிந்தபின் முதல் மூன்று வீரர்கள் வண்டியை நிறுத்தும் இடத்தையே பெரும்பாலும் அது குறிக்கும். ரேலிகளிலோ 1906-இன் பழக்கம் ஏறக்குறைய அப்படியே நீடிக்கிறது: நாளின் முடிவில் கார்கள் மூடிய வளாகத்தில் இரவைக் கழிக்கும்; வேலை எதுவானாலும் சர்வீஸுக்கு ஒதுக்கிய நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். இந்தியாவின் மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு எஃப்.ஐ.ஏ.வின் உறுப்பு அமைப்பு என்பதால், இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் நடக்கும் தேசியப் போட்டிகளிலும் இதே சொல்லையும் இதே ஒழுங்கையும் காணலாம். அங்கே பந்தயம் பார்க்கச் செல்பவர்கள், முடிவுக்கொடி விழுந்தபின் வேலிக்கு அருகே நின்று, எந்தக் கார் எடைமேடைக்கு அழைக்கப்படுகிறது, எந்தக் காரின் மூடியைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்கலாம். அறிவிப்புப் பலகையில் 'தற்காலிக முடிவு' என்று ஒட்டப்படும் தாள், ஸ்டூவர்டுகள் கார்களை விடுவித்த பிறகே இறுதி முடிவாக மாறும்.